செயப்பாட்டுவினையும் வேற்றுமை உருபும்

நுழையும்முன்

ஒரு செயலைச் சொல்லும்போது அதனைச் செய்தவரை முன்னிறுத்திச் சொல்லலாம். அச்செயலுக்கு உள்ளான பொருளை முன்னிறுத்தியும் சொல்லலாம். இரண்டாம் வகைத் தொடரில் வினைச்சொல் மட்டுமே பொருளை நிறைவு செய்துவிடுவதில்லை. யாரால், எதனால், எதனுடன், யாருக்கு, எதிலிருந்து என்னும் வினாக்களுக்கு வேற்றுமை உருபுகளே விடை தருகின்றன. ஆங்கிலத்தில் இப்பணியை முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. இரு மொழிகளும் நாள்தோறும் அருகருகே புழங்கும் சூழலில், ஒன்றன் அமைப்பு மற்றொன்றனுள் அறியாமலே புகுந்துவிடுவதுண்டு. அதனைப் பகுத்தறிந்து, தெளிவும் பொறுப்பும் உடைய தொடர்களை எழுதக் கற்பிக்கிறது இப்பாடம்.

நகரியமும் மொழியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் வழியில், திருவெறும்பூரை அடுத்து அமைந்துள்ளது கைலாசபுரம். பெல் என்று மக்கள் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, 1960களில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தொழில்நுட்ப உதவியுடன் இப்பகுதியில் நிறுவப்பட்டது. ஆலையில் பணியாற்றுவோர் குடியிருப்பதற்காகக் கைலாசபுரம் நகரியம் உருவாக்கப்பட்டது. அனல்மின் நிலையங்களுக்குத் தேவையான கொதிகலன்கள் ஆலையில் செய்யப்பட்டுப் பல மாநிலங்களுக்கும் அனுப்பப்படுகின்றன.

இச்சிறு பத்தியில் செயப்பாட்டுவினைகள் நான்கு உள்ளன. அவை ஒவ்வொன்றும் தனக்குத் துணையாக ஒரு சொல்லைப் பெற்று நிற்கின்றன. 'உதவியுடன் நிறுவப்பட்டது' என்பதில் 'உடன்' என்பது துணைமையை உணர்த்துகிறது. 'குடியிருப்பதற்காக உருவாக்கப்பட்டது' என்பதில் 'ஆக' என்பது நோக்கத்தை உணர்த்துகிறது. 'ஆலையில் செய்யப்பட்டு' என்பதில் 'இல்' என்பது இடத்தைக் காட்டுகிறது. 'மாநிலங்களுக்கும் அனுப்பப்படுகின்றன' என்பதில் 'கு' என்பது சென்று சேரும் இடத்தைக் காட்டுகிறது. நான்கு தொடர்களிலும் 'படு' என்னும் துணைவினை ஒன்றே; பொருளை வேறுபடுத்துபவை உருபுகளே.

நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தோர் சேர்ந்து பணிபுரியும் இத்தகைய இடங்களில், தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அறிவிப்புகளை எழுதி வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் முதலில் எழுதப்பெற்ற அறிவிப்பு பின்னர்த் தமிழில் பெயர்க்கப்படுவதுண்டு. அங்ஙனம் பெயர்க்கும்போது ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கு ஈடாக எந்த உருபைத் தேர்வது என்னும் வினா எழுகிறது. கொதிகலனை இயக்கும் தொழிலாளிக்கும் மின்கம்பத்தருகே நடந்து செல்லும் சிறுவனுக்கும் அறிவிப்பின் பொருள் ஒரே பார்வையில் விளங்க வேண்டும். ஆகவே, உருபைத் தேரும் திறன் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று.

செயப்பாட்டுவினையின் அமைப்பு

'பொறியாளர் வரைபடத்தை வரைந்தார்' என்பது செய்வினைத் தொடர். இதில் 'பொறியாளர்' எழுவாய். 'வரைபடத்தை' என்பது செயப்படுபொருள். 'வரைபடம் பொறியாளரால் வரையப்பட்டது' என்பது செயப்பாட்டுவினைத் தொடர். இம்மாற்றத்தில் மூன்று நிகழ்வுகளைக் காணலாம்.

1. செயப்படுபொருள் 'ஐ' உருபை இழந்து எழுவாயாகிறது.
2. செய்வினையின் எழுவாய் 'ஆல்' உருபை ஏற்கிறது.
3. 'வரைய' என்னும் எச்சத்துடன் 'படு' என்னும் துணைவினை சேர்கிறது. அவ்விடத்தில் வல்லினம் மிகுந்து 'வரையப்படு' என்றாகிறது.

செயப்படுபொருளை ஏற்கும் வினைகளே பொதுவாகச் செயப்பாட்டுவினையாக மாறும். 'வா', 'தூங்கு', 'மலர்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு இம்மாற்றம் இல்லை. 'பூ மலரப்பட்டது' என்று எவரும் சொல்வதில்லை.

தெரிந்து தெளிவோம்

செயப்பாட்டுப் பொருளைத் தரும் துணைவினைகள்:
படு – சாலை செப்பனிடப்பட்டது
பெறு – விழாமலர் வெளியிடப்பெற்றது
உண் – யானை சங்கிலியால் கட்டுண்டது
ஆயிற்று – மடை திறந்தாயிற்று
போயிற்று – விளக்கு அணைந்து போயிற்று

'படு' எல்லா இடத்தும் பொதுவாக வரும். சிறப்பும் மதிப்பும் தோன்றச் சொல்லுமிடத்துப் 'பெறு' என்பதனை எழுதுவோர் உளர். 'உண்' இன்று சில சொற்களில் மட்டுமே வழங்குகிறது. 'ஆயிற்று', 'போயிற்று' என்பவை பேச்சு வழக்கில் மிகுதி.

இலக்கண மரபு

செயலுக்கு உள்ளான பொருளைச் செய்த பொருள் போலவே வைத்துச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் மரபாக ஏற்றுக்கொள்கிறார். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொண்டது போலச் சொல்லும் தொடரை அதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் காட்டுவர். திண்ணைக்கு மெழுகும் ஆற்றல் இல்லை. மெழுகியவர் வேறொருவர் என்பது கேட்போருக்குத் தெரியும். எனவே அத்தொடர் வழுவாகாது. 'படு' சேராமலே செயப்பாட்டுப் பொருளை உணர்த்தும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பது இதனால் விளங்கும். இன்றும் 'அரிசி விற்றுவிட்டது', 'கடிதம் எழுதியாயிற்று' என்று பேசுவோர் அம்மரபையே பின்பற்றுகின்றனர்.

மூன்றாம் வேற்றுமையைத் தொல்காப்பியர் 'ஒடு' என்னும் பெயரால் சுட்டி, வினைமுதலும் கருவியும் அதன் பொருள்கள் என்கிறார். நன்னூலார் ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகியவற்றை அவ்வேற்றுமையின் உருபுகளாகக் கூறிக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களைத் தருகிறார். செயப்பாட்டுவினைத் தொடரில் செய்தவரையும் செய்வதற்கு உதவிய கருவியையும் ஒரே வேற்றுமை சுட்டுவதற்கு இம்மரபே அடிப்படை.

கருத்தா இருவகைப்படும். தானே செய்பவர் இயற்றுதல் கருத்தா. பிறரை ஏவிச் செய்விப்பவர் ஏவுதல் கருத்தா. 'கொத்தனாரால் கட்டப்பட்ட மண்டபம்' என்பதில் உள்ள 'ஆல்' இயற்றுதல் கருத்தாவைக் காட்டுகிறது. 'மன்னரால் கட்டப்பட்ட மண்டபம்' என்பதில் உள்ள 'ஆல்' ஏவுதல் கருத்தாவைக் காட்டுகிறது. உருபும் ஒன்று, வினையும் ஒன்று. ஆயினும் கல்லைச் சுமந்தவர் ஒருவர், கட்டளையிட்டவர் மற்றொருவர்.

திருவரங்கத்தின் இராசகோபுரம் இதற்குத் தக்க சான்று. 13 நிலைகளையும் ஏறத்தாழ 236 அடி உயரத்தையும் உடைய அக்கோபுரம், நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்று, 1987ஆம் ஆண்டில் நிறைவு செய்யப்பட்டது. யாரால் என்று வினவினால் விடைகள் பல. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் நிறைவு செய்யப்பட்டது. அன்பர்களின் நன்கொடையால் நிறைவு செய்யப்பட்டது. சிற்பிகளாலும் கட்டடத் தொழிலாளர்களாலும் நிறைவு செய்யப்பட்டது. முதல் இரண்டிலும் 'ஆல்' காரணத்தையும் மூன்றாவதில் அது கருத்தாவையும் உணர்த்துகிறது. ஒரு தொடரில் எந்த 'ஆல்' இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்து, எவருடைய உழைப்பு நினைவில் நிற்கும் என்பதும் மாறிவிடுகிறது.

'ஆல்' உருபின் பொருள்கள்

செயப்பாட்டுவினையோடு 'ஆல்' உருபு வரும்போது ஐந்து பொருள்களை உணர்த்தக் காணலாம்.

இயற்றுதல் கருத்தா – குழாய் பற்றவைப்பாளரால் இணைக்கப்பட்டது.
ஏவுதல் கருத்தா – ஆலை மைய அரசால் தொடங்கப்பட்டது.
கருவி – தகடு வெட்டுப்பொறியால் அறுக்கப்பட்டது.
மூலப்பொருள் – கொதிகலன் எஃகால் செய்யப்பட்டது.
காரணம் – நெற்பயிர் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது.

உருபு ஒன்றாயினும் அது ஏறிநிற்கும் பெயரும் முடிக்கும் வினையும் பொருளை வேறுபடுத்துகின்றன. ஐயம் தோன்றுமிடத்துச் சொல்லுருபுகள் உதவுகின்றன. கருவிப்பொருளைத் தெளிவாக்கக் 'கொண்டு' என்பதனையும், வழிப்பொருளைத் தெளிவாக்க 'மூலம்', 'வழியாக' என்பவற்றையும் பயன்படுத்தலாம். 'செய்தி அலுவலரால் தொலைபேசியால் தெரிவிக்கப்பட்டது' என்பதில் இரண்டு 'ஆல்' அடுத்தடுத்து வந்து இடர்ப்படுத்துகின்றன. 'செய்தி அலுவலரால் தொலைபேசி வழியாகத் தெரிவிக்கப்பட்டது' என்பது தெளிவு.

பிற உருபுகளுடன் செயப்பாட்டுவினை

செயப்பாட்டுவினை என்றவுடன் 'ஆல்' உருபே நினைவுக்கு வரும். ஆயினும் நாள்தோறும் செய்தித்தாள்களில் காணும் தொடர்களுள் பெரும்பகுதி வேறு உருபுகளையே ஏற்று நிற்கின்றன.

மாணவிக்குப் பரிசு வழங்கப்பட்டது – 'கு' பெறுபவரைக் காட்டுகிறது.
அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் – 'ஆக' அடையும் நிலையைக் காட்டுகிறது.
ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் – 'இலிருந்து' நீங்குதலைக் காட்டுகிறது.
தீர்மானம் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டது – 'இல்' இடத்தைக் காட்டுகிறது.
குடிநீர்த் திட்டம் பற்றி விவாதிக்கப்பட்டது – 'பற்றி' என்னும் சொல்லுருபு பொருண்மையைக் காட்டுகிறது.
தென்னகத்தின் நெற்களஞ்சியம் எனத் தஞ்சைப் பகுதி அழைக்கப்படுகிறது – 'என' என்னும் இடைச்சொல் பெயரீட்டைக் காட்டுகிறது.

வெள்ளக் காலங்களில் திருச்சிராப்பள்ளி மக்கள் படிக்கும் செய்தித் தொடர் ஒன்றை நோக்குக: 'முக்கொம்பு மேலணையிலிருந்து கொள்ளிடத்தில் உபரிநீர் திறந்துவிடப்பட்டது.' 'இலிருந்து' நீர் புறப்படும் இடத்தையும் 'இல்' அது சென்று சேரும் ஆற்றையும் காட்டுகின்றன. 'கொள்ளிடத்தில்' என்பதற்குப் பதிலாகக் 'காவிரியில்' என்று எழுதிவிட்டால் கரையோர மக்கள் எந்தக் கரையை விட்டு அகல வேண்டும் என்பதே மாறிவிடும். இத்தொடரில் செய்தவரைக் காட்டும் 'ஆல்' இல்லை. படிப்போருக்கு அப்போது தேவைப்படுவது இடமே ஆதலின் அது குறையாகாது.

ஆங்கிலத்தின் வழி

தமிழில் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அதன் பணியைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும்; ஆகவே அது முன்னிடைச்சொல் எனப்படுகிறது. செயப்பாட்டுவினையோடு ஆங்கிலத்தில் மிகுதியும் வருவது 'பை' என்னும் முன்னிடைச்சொல். செய்தவரைக் காட்டும் 'ஆல்' உருபுக்கு அது ஈடாகும். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் 'வித்', 'இன்', 'டு', 'அட்', 'ஃபார்', 'ஆஃப்', 'ஃப்ரம்' ஆகியனவும் செயப்பாட்டு வடிவங்களோடு இயல்பாக வருகின்றன. எந்த வினையோடு எது வரும் என்பதைப் பெரும்பாலும் வழக்கே முடிவு செய்கிறது.

'நோன்' என்னும் வடிவம் 'அறியப்பட்ட' என்னும் பொருளுடையது. அது நான்கு முன்னிடைச்சொற்களை ஏற்று நான்கு பொருள்களைத் தருகிறது. 'நோன் டு' என்றால் ஒருவருக்குத் தெரிந்திருத்தல். 'நோன் ஃபார்' என்றால் ஒன்றற்குப் பெயர்பெற்றிருத்தல். 'நோன் ஆஸ்' என்றால் ஒரு பெயரால் அழைக்கப்படுதல். 'நோன் பை' என்றால் ஓர் அடையாளத்தால் அறியப்படுதல். இவற்றைத் தமிழில் தரும்போது வினையும் உடன் மாறுகிறது.

அவர் எனக்குத் தெரிந்தவர்.
உறையூர் கைத்தறிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர்.
திருவரங்கம் பெரிய கோயில் என வழங்கப்படுகிறது.
மரம் அதன் கனியால் அறியப்படும்.

முதல் தொடரை 'அவர் என்னால் அறியப்பட்டவர்' என்று எழுதினால் இலக்கணப் பிழை நேராது. எனினும் தமிழ்ச் செவி அதனை ஏற்பதில்லை. அறிதல், விரும்புதல், அஞ்சுதல், வியத்தல் போன்ற உள்ளத்து நிகழ்ச்சிகளை ஆங்கிலம் பலவிடத்துச் செயப்பாட்டு வடிவில் சொல்கிறது. தமிழோ அவற்றைக் 'கு' உருபாலோ செய்வினையாலோ சொல்கிறது. ஒரு துறையில் ஆர்வமுடையவரை ஆங்கிலம் 'இன்ட்ரஸ்டட் இன்' என்னும். தமிழ் 'அவருக்கு வானியலில் ஆர்வம் உண்டு' என்னும். செய்தி கேட்டுத் திகைத்தவரை ஆங்கிலம் 'சர்ப்ரைஸ்டு அட்' என்னும். தமிழ் 'செய்தியைக் கேட்டு வியந்தார்' என்னும். 'செய்தியால் வியப்பூட்டப்பட்டார்' என்பது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு.

மூலப்பொருளைச் சொல்லும்போதும் இவ்வேறுபாடு தோன்றும். மேசை மரத்தால் செய்யப்படுகிறது. தாள் மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. மேசையில் மரம் மரமாகவே இருக்கிறது. தாளில் மூலப்பொருள் தன் இயல்பு மாறிவிட்டது. முன்னதற்கு ஆங்கிலம் 'மேட் ஆஃப்' என்றும் பின்னதற்கு 'மேட் ஃப்ரம்' என்றும் பிரித்துச் சொல்லும். தமிழில் 'ஆல்', 'இலிருந்து' ஆகிய உருபுகள் அதே நுட்பத்தை உணர்த்த வல்லன. இவ்விடத்தில் இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன.

தெரியுமா?

கால்டுவெல் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு வெளிவந்தது. திராவிட மொழிகளில் செயப்பாட்டுவினைக்கெனத் தனி விகுதி இல்லை என்றும், 'படு' போன்ற துணைவினையின் வழியே அப்பொருள் பெறப்படுகிறது என்றும் அந்நூலில் அவர் விளக்கியுள்ளார்.

மொழிபெயர்ப்பில் கொள்ள வேண்டிய நெறிகள்

ஆங்கிலத்தில் சொல்வரிசையே எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டுகிறது. செயப்படுபொருளைத் தொடரின் முதலில் வைக்க விரும்பினால் அம்மொழி பெரும்பாலும் செயப்பாட்டுவினையை நாட வேண்டியுள்ளது. தமிழில் 'ஐ' உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றி அமைத்தாலும் பொருள் மாறுவதில்லை. 'மலைக்கோட்டையின் மேற்குடைவரையை மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தான்' என்னும் தொடரில் செயப்படுபொருள் முன்னே நிற்கிறது. வினையோ செய்வினையாகவே உள்ளது. 'குடைவித்தான்' என்னும் பிறவினை வடிவம், மன்னன் ஏவினான், சிற்பிகள் குடைந்தனர் என்பதனையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'மகேந்திரவர்மனால் குடையப்பட்டது' என்பதைவிட இதில் செய்தி மிகுதி.

செய்தவர் இன்னார் எனச் சொல்லத் தேவையில்லாதபோதும் தமிழுக்கு ஒரு வழி உண்டு. 'தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்' என்று பேச்சில் சொல்லும்போது, 'அவர்கள்' யார் என்று எவரும் கேட்பதில்லை. படர்க்கைப் பலர்பால் முற்று, பொதுவினைமுதலைக் குறிப்பாக உணர்த்துகிறது. ஆங்கிலம் இதே கருத்துக்குச் செயப்பாட்டுவினையைப் பெரிதும் பயன்படுத்தும்.

பொருளின் நிலையைச் சொல்லும்போது, செயப்படுபொருள் குன்றிய வினையே தமிழுக்கு இயல்பு. 'நீரால் நிரப்பப்பட்ட குடம்' என்பது ஒருவர் நிரப்பிய செயலை நினைவூட்டும். 'நீர் நிறைந்த குடம்' என்பது குடத்தின் நிலையைக் காட்டும். 'பனியால் மூடப்பட்ட மலை' என்பதைவிடப் 'பனி மூடிய மலை' என்பது செறிவானது. ஆங்கிலத்தில் 'லொகேட்டடு இன்' என வருமிடத்துத் தமிழில் 'அமைந்துள்ளது' என்று எழுதினாலே போதும். 'அமைக்கப்பட்டுள்ளது' என்றால் ஒருவர் அமைத்த செய்தி உட்புகும்.

அறிவிப்புகளில் இந்நெறிகளின் பயன் வெளிப்படையாகத் தெரியும். கீழ்க்காணும் இணைத்தொடர்களை ஒப்பிடுக.

'ஊழியர்கள் தலைக்கவசம் அணியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'
'ஊழியர்களே, தலைக்கவசம் அணியுங்கள்.'

'இவ்விடத்தில் வாகனங்கள் நிறுத்தப்படக் கூடாது.'
'இங்கு வண்டிகளை நிறுத்தாதீர்கள்.'

ஒவ்வோர் இணையிலும் முதல் தொடர் ஆங்கில அமைப்பின் நிழல். கேட்டுக்கொள்பவர் யார் என்பது அதில் இல்லை. யாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் உடனே விளங்குவதில்லை. இரண்டாம் தொடர் படிப்பவரை நேரே விளிக்கிறது. ஆபத்து நேரத்தில் ஒரு நொடியில் படித்து உணர வேண்டிய அறிவிப்புக்கு இரண்டாம் வகையே ஏற்றது.

உருபு இல்லாத இடம்

செயப்பாட்டுவினையைத் தவிர்க்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. செய்தவர் யாரெனத் தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும், செயலுக்கு உள்ளான பொருளே முதன்மை பெறும்போதும் அது பொருத்தமான வடிவம். 'குழந்தை காப்பாற்றப்பட்டது' என்னும் செய்தியில் குழந்தையே முதன்மை. அறிவியல் நூல்களில் 'நீர் 100 பாகை செல்சியசுக்குச் சூடேற்றப்படுகிறது' என எழுதுவதிலும் குறையில்லை. யார் சூடேற்றினும் விளைவு ஒன்றே.

ஆனால், செய்தவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆல்' உருபை விட்டுவிடுவதற்கும் இவ்வடிவம் இடம் தருகிறது. செய்வினைத் தொடரில் எழுவாய் தோன்றாவிடினும் வினைமுற்றின் விகுதி, செய்தவரின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டிவிடும். 'ஒப்புதல் அளித்தேன்' என்பதில் செய்தவர் தன்மை ஒருமை என்பது வெளிப்படை. 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்பதிலோ விகுதி ஒப்புதலைச் சேர்ந்தது. அளித்தவரைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. செய்தவரைச் சுட்டும் ஒரே வழி 'ஆல்' உருபு. அதுவும் விடுபட்டால் செயல் நிற்கும், செய்தவர் மறைந்துவிடுவார்.

கொதிகலன் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. உயர் அழுத்தத்தில் நீராவியைத் தாங்கும் கலம் அது. இணைப்பு ஒன்று பழுதுபட்டாலும் உயிர்ச்சேதம் நேரக்கூடும். அதனாலேயே கொதிகலன்களின் பாதுகாப்புக்கென இந்தியாவில் 1923ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய கலத்தைப் பற்றிய பதிவேட்டில் 'குழாய் இணைப்பு சோதிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினால் என்ன பயன்? யார் சோதித்தார், எக்கருவி கொண்டு, எப்போது, என்ன முடிவு என்பன அத்தொடரில் இல்லை. 'குழாய் இணைப்பு ஆய்வாளரால் ஊடுகதிர்ப் படத்தின் மூலம் இன்று காலை பணிமனையில் சோதிக்கப்பட்டது. விரிசல் இல்லை' என்னும் தொடரில் உருபுகள் ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடையளிக்கின்றன. பின்னாளில் பழுது நேர்ந்தாலும் எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்பதற்கு அத்தொடரே வழிகாட்டும்.

பொதுச் செய்திகளிலும் இவ்வாறே. 1830களில் பொறியாளர் ஆர்தர் காட்டனால் முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது. அங்குள்ள கொள்ளிடம் கதவணையின் மதகுகள் சில 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தின்போது உடைந்து வீழ்ந்தன. அந்நிகழ்வை மூன்று வகையில் சொல்லலாம். 'மதகுகள் உடைந்தன' என்பது நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறது. 'மதகுகள் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டன' என்பது வெள்ளத்தைக் காரணமாக்குகிறது. 'முதுமையால் வலுவிழந்த மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன' என்பது காரணத்தை மதகின் வயதிலும் வெள்ளத்தை நிகழ்ந்த சூழலிலும் வைக்கிறது. 'வெள்ளத்தால்', 'வெள்ளத்தில்' என்னும் இரண்டற்கும் இடையே உருபு ஒன்றே வேறுபாடு. எதனைக் காரணம் என்று கொள்வது என்பதில் வேறுபாடு பெரிது. எந்தத் தொடர் உண்மை என்பதை முடிவு செய்வது பொறியியல் ஆய்வு. ஆய்ந்து கண்டதைப் பிறழாமல் உரைப்பது உருபின் பணி.

எனவே செயப்பாட்டுவினைத் தொடர் ஒன்றை எழுதுவோரும் படிப்போரும் வினவ வேண்டியவை மூன்று. இக்கருத்தைச் செய்வினையாலோ செயப்படுபொருள் குன்றிய வினையாலோ இயல்பாகச் சொல்ல இயலுமா? இயலாதெனில், இவ்வினைக்குத் தமிழ் வழக்கில் உரிய உருபு எது? செய்தவரைச் சொல்ல வேண்டிய இடமாயின், 'ஆல்' உருபு தொடரில் உள்ளதா? முதல் வினா மொழியின் இயல்பைக் காக்கும். இரண்டாம் வினா பொருளின் தெளிவைக் காக்கும். மூன்றாம் வினா, 'தவறு நேர்ந்துவிட்டது', 'கோப்பு காணாமல் போயிற்று', 'முடிவு எடுக்கப்பட்டது' என்பன போன்ற தொடர்களுக்குப் பின்னே நிற்பவர் யார் எனக் கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தரும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு நாள் செய்தித்தாளிலிருந்து செயப்பாட்டுவினைத் தொடர்கள் பத்தினைத் திரட்டுக. அவற்றுள் செய்தவரைக் காட்டும் 'ஆல்' உருபு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை எனப் பட்டியலிட்டு, விடுபட்டதற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.
2. பள்ளி, தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை ஆகிய இடங்களில் காணும் தமிழ் அறிவிப்புகளைத் தொகுத்து, தேவையற்ற செயப்பாட்டுவினை வருமிடங்களைத் திருத்தி எழுதுக.
3. உங்கள் ஊரிலுள்ள அணை, கோயில், பாலம், ஏரி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது 'யாரால் கட்டப்பட்டது' என்னும் வினாவுக்கு இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா இரண்டையும் குறிப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. 'மன்னரால் கட்டப்பட்ட மண்டபம்' – இத்தொடரில் 'ஆல்' உணர்த்தும் பொருள்
அ) கருவி ஆ) ஏவுதல் கருத்தா இ) மூலப்பொருள் ஈ) உடனிகழ்ச்சி

2. செயப்பாட்டுவினை அல்லாத தொடரைத் தேர்ந்தெடுக்க.
அ) கடிதம் எழுதப்பட்டது ஆ) மலர் வெளியிடப்பெற்றது இ) பூ மலர்ந்தது ஈ) யானை கட்டுண்டது

3. 'ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' – இத்தொடரிலுள்ள உருபு உணர்த்தும் பொருள்
அ) கொடை ஆ) நீங்கல் இ) கருவி ஈ) உடைமை

குறுவினா

1. செய்வினைத் தொடர் செயப்பாட்டுவினைத் தொடராகும்போது நிகழும் மாற்றங்கள் யாவை?
2. 'படு', 'பெறு' ஆகிய துணைவினைகளின் வழக்கு வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
3. 'நீர் நிறைந்த குடம்', 'நீரால் நிரப்பப்பட்ட குடம்' – பொருள் வேறுபாடு யாது?

சிறுவினா

1. செயப்பாட்டுவினையோடு 'ஆல்' உருபு உணர்த்தும் பொருள்களைச் சான்றுடன் விளக்குக.
2. 'அவர் என்னால் அறியப்பட்டவர்' என்னும் தொடரைத் தமிழ் இயல்புக்கேற்பத் திருத்தி, திருத்தத்திற்கான காரணத்தை எழுதுக.
3. செயப்படுபொருளைத் தொடரின் முதலில் வைக்க ஆங்கிலம் பின்பற்றும் முறையையும் தமிழ் பின்பற்றும் முறையையும் ஒப்பிடுக.

நெடுவினா

'செயல் நிற்கும், செய்தவர் மறைந்துவிடுவார்' – செயப்பாட்டுவினைத் தொடரில் உருபு விடுபடுவதால் நேரும் விளைவுகளைப் பதிவேடு, அறிவிப்பு, செய்தி ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்துக்காட்டுத் தந்து கட்டுரைக்க.